தேசத்துக்கு மாலை போட்டவர்

மணலூர்பேட்டை
18.6.2025

அன்புத் தம்பி அறிவுச்செல்வனுக்கு அண்ணி விஜயலட்சுமி எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணனும் மாடு கன்றோடு நலம். நீயும் ஜெயசுதாவும் அந்த மலைக் குளிரில் நலமாக இருக்கிறீர்களா? அவளுக்கு இருமல் விட்டதா?

இந்தக் காலத்தில் கடுதாசி எழுதுகிறவள் யாரடா என்று போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் என்ன செய்ய? உன் பள்ளிக்கூடத்துப் பக்கம் டவர் இல்லை. என் போனையோ பேரவை வேலைக்கென்று உன் அண்ணன் எடுத்துக்கொண்டார். அதில் பேசினால் ஊருக்கே பேசிய மாதிரி. எழுத்தில் பிழை இருந்தால் வாத்தியார் புத்தியைக் காட்டாதே.

போன மாதம் நடந்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? பேரவைக்காரர்கள் ஊரில் பாரத அன்னை சிலை வைத்த அன்று அத்தனை பேர் நடுவில் நீ அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. "சாமிக்கு மாலை போட்டா சாமி காப்பாத்தும். தேசத்துக்கு மாலை போட்டா யாருண்ணா காப்பாத்துவாங்க, எம்.எல்.ஏ.வா?" என்றாய். கூட்டம் சிரித்தது. எனக்கும் வந்துவிட்டது, முந்தானையில் அடக்கிக்கொண்டேன். அவர் முகம் தொங்கிப்போனது. "இனிமே என் வூட்டுப் பக்கம் வராதே" என்றது கோபத்தில் வந்த வார்த்தை. பிள்ளை இல்லாத குறை தெரியாமல் உன்னைத்தானே வளர்த்தோம். அவருக்கு அது மறந்தா போகும்?

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு விட்டு மறு ஞாயிறு அவர் மாலை போடுகிறார். சபரிமலைக்குப் போடுவது போலவே ஒரு மண்டலம் விரதம். கடைசியில் பேரவைக்காரர்கள் எல்லாரும் கொடி ஏந்தி இங்கிருந்து திருக்கோவிலூர், தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு நடக்கிறார்கள். சுதந்திர தினத்தன்று அங்கே கூட்டம். பெரிய தலைவர் ஒருவர் வருகிறாராம். தேர்தல் வருகிறதே, வராமல் இருப்பாரா?

நீ கேலி செய்வாய் என்று தெரியும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். வாலிபத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இவர் போய் வரிசையில் நின்றார். தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் டிவியில் அணிவகுப்பு வந்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்கிற மனுஷன். பேரவைத் தலைவர் சிவசங்கருக்கு வேறு கணக்கு இருக்கலாம். இவருக்கு இது வேஷம் இல்லை.

ஒரு நேரச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலுக்குச் செருப்பு கிடையாது. சர்க்கரை மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஜெயசுதாவைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி.


வெள்ளிமலை
27.6.2025

அன்புள்ள அண்ணிக்கு அறிவு வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். ஜெயசுதாவுக்கு இருமல் விட்டது, வாய்தான் இன்னும் விடவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

காலுக்குச் செருப்பு கிடையாது என்று ஏதோ ரசத்துக்குப் புளி இல்லை என்பது போல எழுதிவிட்டீர்கள். அந்த இடத்துக்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. போன பொங்கலுக்கு அண்ணன் ஒரு செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, அது காலில் இல்லை என்பதே தெரியாமல் வீடு வரை நடந்து வந்தாரே. நீங்கள்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை அண்ணி. சர்க்கரை அவர் பாதத்து உணர்ச்சியைத் தின்றுவிட்டது. அப்பாவுக்கும் சுண்டுவிரலில் ஒரு கொப்புளமாகத்தான் தொடங்கியது. காலை எடுத்தார்கள், அடுத்த ஐப்பசிக்குள் ஆளையே எடுத்துக்கொண்டு போனோம். அந்தக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர் அண்ணன்தான்.

நான் நேரில் வந்து சொல்லலாம். நான் சொன்னால் வீம்புக்கு ஒன்றுக்கு இரண்டு மாலையாகப் போடுவார். மாலை போடட்டும், கொடி பிடிக்கட்டும், கோஷம் போடட்டும், எனக்கு இப்போது எதிலும் வழக்கு இல்லை. செருப்பு மட்டும் போடச் சொல்லுங்கள். எல்லையில் நிற்கிற சிப்பாய் பூட்ஸ் போட்டுக்கொண்டுதானே நிற்கிறான் என்று கேளுங்கள்.

பதில் போடுங்கள். பயமாக இருக்கிறது.

அன்புடன்,
அறிவு.


மணலூர்பேட்டை
9.7.2025

அன்புத் தம்பிக்கு அண்ணியின் ஆசீர்வாதம். எங்கள் இருவருக்கும் சௌக்கியத்துக்குக் குறைவில்லை. மலையில் மழை பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். குடை இல்லாமல் அலையாதே.

நீ சொன்ன பூட்ஸ் கேள்வியைக் கேட்டேன். "அவுங்க வருஷம் பூரா பனியில நிக்கிறாங்க. நான் ஒரு மண்டலம் வெறுங்கால்ல நிக்கக் கூடாதா? இன்னா பேச்சு இது?" என்றார்.

மாலை போட்ட அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தார். பச்சை, வெள்ளை, காவி என்று மணி கோத்த மாலை, நடுவில் அன்னை படம் வைத்த டாலர். ஊரில் எல்லாரும் சாமி என்கிறார்கள். போலீஸ்காரர்கூட, "வாங்க சாமி" என்று நாற்காலி போடுகிறார். நானும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, மாட்டுக்குத் தவிடு வச்சீங்களா?" என்று கேட்கும்போது மாடே திரும்பிப் பார்க்கிறது.

காலையில் குளித்துக் கொடிமரத்துக்குப் போய்விடுகிறார்கள். கொடிக்கே பாலாபிஷேகம் செய்வதாக இருந்தது. அது சட்டப்படி தப்பு என்று யாரோ சொல்லவும் கம்பத்துக்கு மட்டும் பால், சந்தனம், குங்குமம். பிறகு கற்பூரம் காட்டி, தேசிய கீதம் பாடி, பொங்கல் கொடுக்கிறார்கள். கீதம் பாடும்போது கும்பிடுவதா, விறைப்பாக நிற்பதா என்று முதல் நாள் ஒரே குழப்பம். பாதிப் பேர் கும்பிட்டார்கள், பாதிப் பேர் விறைத்தார்கள், உன் அண்ணன் கும்பிட்டபடியே விறைத்து நின்றார்.

செருப்புக்கடை ஷேக் பரீத் பாயைப் பார்த்தேன். வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு மிட்டாய் அவர் செலவு, உனக்குத்தான் தெரியுமே. "கொடி ஏத்தும்போது கற்பூரம் காட்டுவாங்களாமே தங்கச்சி. அப்ப நான் எங்க நிக்கறது?" என்று கேட்டார். சண்டை போடுகிற மாதிரி இல்லை, வழி கேட்கிற மாதிரி கேட்டார். எப்பவும் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள் பாய் என்றேன். சொன்ன பிறகும் மனசு அடித்துக்கொண்டது.

எனக்குக் குதிகால் வலி. சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற செருப்பு இருக்கிறதே, அது ஒரு ஜோடி கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் நம்பர் விழுப்புரத்திலிருந்து வரவேண்டுமாம். மற்றபடி விசேஷம் இல்லை.

உன் அண்ணி.


வெள்ளிமலை
16.7.2025

அண்ணிக்கு வணக்கம். இங்கே சுகம்.

உங்கள் கால் ஆறாம் நம்பர். ஒன்பது அண்ணனுடையது.

அவர் காலில் என்ன? மறைக்காமல் எழுதுங்கள்.

அறிவு.


மணலூர்பேட்டை
25.7.2025

அன்புத் தம்பிக்கு. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடுதாசி வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன்.

வலது கால், பெருவிரலுக்குக் கீழே. கரும்பு வெட்டின கொல்லையில் கட்டை குத்தியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நான் வீடு கூட்டும்போது தரையில் திட்டுத் திட்டாக ரத்தம். யாருக்கு அடிபட்டது என்று வீடெல்லாம் தேடுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அன்னை பாதத்து மஞ்சளை எடுத்து அப்பினார். "ஆறிடும், போ" என்றார். ஆறவில்லை.

அழுது ஆர்ப்பாட்டம் செய்து திருக்கோவிலூர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். காலைத் தரையில் வைக்காதீர்கள், நடையே கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "பதினஞ்சாந் தேதிக்கு மேல பாத்துக்கலாம்" என்கிறார். பாய் கொடுத்த செருப்பு பெட்டியோடு பரணில் கிடக்கிறது. மாலையைக் கழற்றிவிட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

அவர் சம்மதித்தாலும் ஊர் விடாது தம்பி. "பாதியில மாலையக் கழட்டறவன் பெத்த தாய் கழுத்துல கை வைக்கிறவன்" என்று சிவசங்கர் மைக்கில் பேசினார். காய்ச்சல் என்று கழற்றிய தமிழரசன் வீட்டுச் சுவரில் யாரோ துரோகி என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவன் பெண்டாட்டி சாணி கரைத்து அழித்துக்கொண்டிருந்தாள். நாராயணசாமியும்தான் கழற்றினான், அவனை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பெரியப்பா செத்துத் தீட்டு வந்துவிட்டது. சிவசங்கரே மந்திரம் சொல்லி அவன் மாலையைக் கழற்றி அனுப்பினார்.

எனக்குத் தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

உன் அண்ணி.


வெள்ளிமலை
29.7.2025

அன்புள்ள அண்ணிக்கு அறிவு எழுதுவது. நலம் விசாரிக்க இப்போது நேரம் இல்லை, மன்னியுங்கள்.

தீட்டு வந்தால் மாலை கழற்றலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்தப் பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. அண்ணனுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். நான் செத்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

கத்தாதீர்கள். யோசித்துத்தான் எழுதுகிறேன். விஷக்காய்ச்சல், மலையிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், உடம்பை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அவர் மாலையைக் கழற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் இங்கே வருவார். தானாடாவிட்டாலும் தசை ஆடும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர்த் தேர் காட்டியவர், வராமல் இருக்க மாட்டார். வந்து என்னை உயிரோடு பார்த்ததும் செருப்பால் அடிக்கட்டும். அதற்காகவாவது கையில் ஒரு செருப்பை எடுப்பார். அப்படியே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்ப் படுக்கையில் சேர்த்துவிடுகிறேன்.

ஜெயசுதாவிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அவளே என்னைக் கொன்று தீட்டை நிஜமாக்கிவிடுவாள்.

தயங்காதீர்கள் அண்ணி. சொன்னதால் யாரும் சாவதில்லை.

அறிவு.


மணலூர்பேட்டை
5.8.2025

தம்பிக்கு.

வாயைக் கழுவு. ஆடி மாதத்தில் எழுதுகிற எழுத்தா இது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாயா? பத்து வயசில் உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலைப் பாயில் உன் பக்கத்திலேயே கிடந்தவள் நான். என் வாயால் நீ செத்தாய் என்று சொல்ல வேண்டுமா? கடுதாசியை அடுப்பில் போட்டுவிட்டு, மாரியம்மன் கோயிலுக்குப் போய் உனக்காக விளக்குப் போட்டேன்.

இதை எழுதி வைத்து இரண்டு நாளாகிறது. தபாலில் போடவில்லை.

இன்று கட்டுப் பிரித்தபோது விரல் கறுத்திருக்கிறது. நாற்றம் வருகிறது. சாம்பிராணி போட்டு மறைக்கிறார். அப்பா காலில் வந்ததே, அதே நாற்றம்.

சொல்லிவிடுகிறேன். ஜெயசுதா என்னை மன்னிக்கட்டும். அவள் தாலிக்கு ஒரு குறையும் வராது, நான் விளக்குப் போட்டிருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி நடை புறப்படுகிறது, அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் தம்பி.

அண்ணி.


வெள்ளிமலை
11.8.2025

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்?

சொல்லிவிட்டீர்களா? அண்ணன் கிளம்பிவிட்டாரா?

கள்ளக்குறிச்சி பஸ் வரும் நேரமெல்லாம் நான் வெளியே தலை காட்டுவதில்லை. செத்தவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதை அண்ணன் பார்த்தால் அங்கேயே மயங்கி விழுவார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். முட்டைக்கோசு வாங்க வந்த வியாபாரி ஒருவர் அண்ணனைப் போலவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சட்டென்று குனிந்துகொண்டேன். "இன்னா, பொண்ணு பாக்க வர்றாங்களா? ஜன்னலையே பாத்துக்கினு கெடக்கற?" என்று ஜெயசுதா கேட்கிறாள்.

மழையில் எங்காவது ரோடு அடைத்துக்கொண்டிருக்கலாம். நாளைக்கு வந்துவிடுவார். ஒரு வரி போதும், எழுதுங்கள்.

அறிவு.


தியாகதுருகம்
14.8.2025

தம்பிக்கு. நான் நலம், நீ நலமா?

நடை புறப்பட்டாயிற்று. சமையல் வண்டியில் நானும் கூடவே வருகிறேன். எதிரில் போஸ்ட் ஆபீஸ், அதனால் நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வழி நெடுக ஜனங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவி விடுகிறார்கள். அவர் முன் வரிசையில் கொடியோடு போகிறார். கட்டின் மேல் காவித் துணி சுற்றியிருக்கிறார், வெளியே தெரியாது.

நீ கேட்டதற்குப் பதிலை அப்புறம் எழுதுகிறேன்.

அண்ணி.


வெள்ளிமலை
20.8.2025

அண்ணிக்கு வணக்கம். நாங்கள் நலம்.

நீங்கள் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு வாய் வந்திருக்காது. சொல்லியிருந்தால் அண்ணன் நடந்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். நான்தான் நேரில் வந்திருக்க வேண்டும். ரோஷம் பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்துவிட்டேன்.

கால் எப்படி இருக்கிறது? எங்கே இருக்கிறீர்கள்? வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். கிடைத்ததும் பதில் போடுங்கள்.

அறிவு.


கள்ளக்குறிச்சி
28.8.2025

அன்புத் தம்பிக்கு அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுவது. உன் கடுதாசியைப் பரீத் பாய் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் மூன்று தடவை வந்து பார்த்தார். பேரவையிலிருந்து ஒரு தடவை வந்து சால்வை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே. மேடைக்குப் பக்கத்தில் கொடியைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்தார். கொடி தரையில் படக்கூடாது என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். விரலைப் பிரித்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

உன்னிடம் மறைத்ததை இனி மறைக்க முடியாது. நான் சொன்னேன் தம்பி. நடைக்கு மூன்று நாள் முன்னால், கொல்லையில் அவர் தனியாக இருந்தபோது சொன்னேன். அப்படியே மடை மேல் உட்கார்ந்துவிட்டார். எப்போ, எப்படி என்று கேட்டார். நீ எழுதிக் கொடுத்தபடியே ஒப்பித்தேன். எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பாய்ச்சுகிற நாள் இல்லையே என்று பின்னாலேயே போனேன். அந்தச் சத்தத்துக்குள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறார். இந்த வயசில் ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நம் காரியம் ஆகிவிட்டது, மாலையைக் கழற்றப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடவுளே, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து முகம் கழுவினார். "யார் கையிலயும் சொல்லாதே. சொன்னா தீட்டுன்னு மாலையக் கழட்டிடுவாங்க. பதினஞ்சு முடிஞ்சதும் மலைக்குப் போயி அவனுக்குப் பண்ண வேண்டியதப் பண்ணலாம். எல்லையில நிக்கிறவன் தம்பி செத்தா துப்பாக்கியப் போட்டுட்டா வர்றான்?" என்றார். சிவசங்கர் சொல்லிக்கொடுத்த பேச்சு இல்லை இது. அவராகவே சொன்னார்.

அந்த நிமிஷமே பொய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் நிற்கவா போகிறார்? உயிரோடு இருப்பவனைச் சாகடித்தாயா என்று என்னைத் தள்ளிவிட்டுத் தனியாகப் போயிருப்பார். கூடவாவது போகலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்கு எழுதவும் கை வரவில்லை. அண்ணன் நடந்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது வேறு பிடித்துக்கொண்டது. தம்பி தீட்டை மறைத்துக்கொண்டு கொடியைத் தொட்டேன், அதனால்தான் அன்னை காலை வாங்கிக்கொண்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. காரியம் செய்ய வேண்டும் என்று ஐயரைக் கூப்பிடச் சொல்கிறார். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார். நீயே வந்து நில் தம்பி. உன்னைக் கண்ணால் பார்த்தால்தான் அவர் தேறுவார்.

ஜெயசுதாவுக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணி.


வெள்ளிமலை
4.9.2025

அன்புள்ள அண்ணிக்கு அறிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தவன், நீங்கள் கஞ்சி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஒடம்பு சூடா இருக்குதே" என்றார். "உசுரோடதாண்ணா இருக்கேன். பொய். நாந்தான் அண்ணியச் சொல்லச் சொன்னேன்" என்றேன். என் தலையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. மோட்டார் ரூம், துண்டு, நீங்கள் எழுதியது அத்தனையும் அந்த நேரத்தில் எனக்குத் தீர்ந்துபோனது.

பிறகு அழுகையை நிறுத்தி எதையோ யோசித்தார்.

"அப்ப நீ சாவவே இல்ல?"

"இல்லண்ணா."

"அப்ப தீட்டும் இல்ல?"

"இல்ல."

"நான் கொடியத் தொட்டப்ப சுத்தமாத்தான் இருந்திருக்கேன்?"

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் முகம் அப்படியே மலர்ந்தது அண்ணி. என் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. கும்பிடுவதற்காக என் கையை விட்டுவிட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "விரதம் கெடல தாயே, விரதம் கெடல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

சிவசங்கருக்குப் போன் போட்டுக் கொடு என்றார். போட்டுக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் யோசிக்கிறேன். அடுத்த வருஷம் தேர் மாதிரி வண்டி கட்டி உங்களை முன்னால் உட்கார வைக்கிறோம் சாமி என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது. "வண்டி இன்னாத்துக்கு? இன்னொரு கால் இருக்குதே, கட்டை வச்சுக்கினு நடப்பேன்" என்று அண்ணன் சிரித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் செத்தேன் என்று கேட்டும் நடந்தாரே என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நான் பிழைத்ததில் அவருக்கு முதலில் பிழைத்தது விரதம்தான் என்பதைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் கோபத்தைவிடப் பயம் ஜாஸ்தியாக இருக்கிறது. தேர்தல் வருவதற்குள் அவரை மறுபடியும் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவரும் போவார். நம்மால் நிறுத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசுதாவோடு வருகிறேன். அதுவரை அந்த இடது காலைத் தினமும் எடுத்து உங்கள் மடியில் வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். அவருக்கு வலிக்காது அண்ணி, அவரைக் கேட்டுப் பயனில்லை.

உங்கள்,
அறிவு.